கையொப்பம் அல்லது கைநாட்டு

1

இந்தக் கதை கதையாகப் பிறக்கவில்லை. ஒரு விண்ணப்பத்தின் ஏழாம் பக்கத்துக்கு இணைப்பாகப் பிறந்தது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிற்பாடு தெரியவந்து, ஏமாற்றிவிட்டாள் என்று நீங்கள் சொல்லக் கூடாது.

ஏழாம் பக்கத்தில் இப்படி இருந்தது: பெற்றோருக்கு ஆங்கிலம் தெரியாவிட்டால், மாணவர் எழுதிய கட்டுரையை அவருக்குத் தெரிந்த மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும், பெயர்த்தவர் கீழே ஒப்பமிட வேண்டும். அந்தப் பெயர்த்தவர் நான்தான். பெயர் விஜயலக்ஷ்மி. மாட்டுங்காவில் ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் கிளார்க், டோம்பிவிலியில் வீடு. இரண்டுக்கும் நடுவே ரயிலில் பாதித் தூக்கத்தில் போகும் நேரத்தில் கதை எழுதுகிறேன். உங்கள் கதைகளில் எல்லோரும் கொஞ்சம் தூக்கக் கலக்கமாகவே இருக்கிறார்கள் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். காரணம் மத்திய ரயில்வே.

2

தொடக்கத்துக்கு மூன்று முயற்சிகள்.

‘அன்று தாராவியில் மழை…’ [வேண்டாம். தாராவி என்று எழுதியதுமே மழையையும் சேற்றையும் கூட்டிவரும் பழக்கத்தை விட வேண்டும். ஆனால் அன்று மழைதான். நான் என்ன செய்ய?]

‘பிரேமலதாவின் கனவுகளில் எண்கள்…’ [அடித்துவிட்டேன். புள்ளியியல் படிக்கப் போகிறாள் என்பதற்காகத் தூக்கத்திலுமா எண்கள்? அவளையே கேட்டேன். “லிஃப்ட் வரும் ஆன்ட்டி. நான் உள்ள நிக்கேன், அது மேல போய்ட்டே இருக்கும். ஃப்ளோரே வராது. பயமா இருக்காது, மஸ்த் இருக்கும்” என்றாள். நான் குட்டிக்கரணம் போட்டாலும் இப்படி ஒரு கனவு எனக்குத் தோன்றாது.]

‘இஜாஸின் கம்ப்யூட்டர் கடையில் ஒரு பொய் பிறந்தது.’ [இது பரவாயில்லை. பொய் என்ற சொல்தான் இடிக்கிறது. இருக்கட்டும், போகப் போகப் பார்க்கலாம்.]

3

இஜாஸின் கடையில் மூன்று கம்ப்யூட்டர்கள், ஒரு பிரிண்டர், ஒரு மின்விசிறி. பிரேமலதா நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பூனாவில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி.க்கு இடம் கிடைத்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு ஒன்பது லட்சம். வங்கியில் கல்விக் கடன் கேட்டால், அப்பாவின் மூன்று வருட வருமான வரிக் கணக்கைக் கொண்டுவா என்றார்கள். அப்பா வேல்ராஜ் தாராவியில் ஒரு பட்டறையில் பழைய எண்ணெய் டின்களைக் கழுவி நெளிவெடுப்பவர். வாரக் கூலி கையில் வரும். அதற்கு எந்தக் கணக்கும் கிடையாது.

ஒரு பைனான்ஸ் கம்பெனி மட்டும் பதினாலு வட்டிக்குத் தரத் தயாராக இருந்தது. “எடுத்துருவோம்ட்டி” என்றார் வேல்ராஜ், கத்தரிக்காய் கால் கிலோ எடுப்பதைப்போல. அவர் அவ்வளவு சுலபமாகச் சொன்னதுதான் அவளைக் கலக்கிவிட்டது. அந்தக் கடனை அடைப்பதற்குள் அப்பாவுக்கு எழுபது வயது ஆகிவிடும் என்று அவளுக்குக் கணக்குப் போடத் தெரியும்.

மிச்சம் இருந்தது பல்கலைக்கழகம் தரும் நிதியுதவி. தேர்ந்தெடுக்கப்பட்டால் முழுக் கட்டணமும் தள்ளுபடி. அதன் விண்ணப்பத்தில் நான்காவது பக்கத்தில் ‘தந்தையின் கல்வி’ என்று ஒரு கேள்வி. வேல்ராஜ் சங்கரன்கோவில் பக்கத்து ஊரில் ஏழாவது வரை படித்தவர். அவள் ‘நடுநிலைப் பள்ளி’யை அழுத்தினாள். சான்றிதழைப் பதிவேற்றவும் என்று சிவப்பில் வந்தது. சான்றிதழுக்கு எங்கே போவது? ஏழாவதில் பாதியில் நின்றவர் யாரும் மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் பத்திரமாக வைத்திருப்பதில்லை. ‘தொடக்கப் பள்ளி’யை அழுத்தினாள். அதற்கும் சிவப்பு.

இஜாஸ் எட்டிப் பார்த்தான். “இல்லிட்ரேட் டால் தே. சர்டிபிகேட் நஹீ மாங்கேகா.”

படிக்காதவர் என்று போட்டால் சான்றிதழ் கேட்காது. அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. படிக்கவில்லை என்பதற்கு எந்தப் பள்ளிக்கூடம் சான்றிதழ் கொடுக்கும்? அவள் அழுத்தினாள். சிவப்பு போய்ப் பச்சை வந்தது. லிஃப்ட் மேலே ஏறியது.

அதன்பின் கட்டுரையும் அதற்கு ஒத்துப்போக வேண்டுமே. ‘என் தந்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனக்கு இடம் கிடைத்த கடிதத்தை அவர் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார்’ என்று ஆங்கிலத்தில் எழுதினாள்.*

* தலைகீழாகப் பிடிக்கவில்லை. நேராகத்தான் பிடித்தார். “என்ன போட்டுருக்கு?” என்று கேட்டார். ஆங்கிலக் கடிதம் அல்லவா.

சமர்ப்பித்தாயிற்று. இனித் திருத்த முடியாது. ஏழாம் பக்கத்தை மட்டும் தாளில் எடுத்து, பெற்றோரின் ஒப்பத்தோடு அனுப்ப வேண்டும். பிரிண்டரிலிருந்து அது சூடாக வெளியே வந்தபோதுதான் கவனித்தாள். மற்ற பெற்றோருக்குக் கையொப்பக் கோடு இருக்கும் இடத்தில் அவள் அப்பாவுக்கு ஒரு கட்டம் இருந்தது. இடது கைப் பெருவிரல் ரேகை.

4

அவள் என்னிடம் வந்ததற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் அலுவலகத்தில் ஆறு மாதம் தற்காலிகமாக வேலை பார்த்தாள். அவளுக்குத் தெரிந்தவர்களில் தமிழில் எழுதுகிறவள் நான் ஒருத்தி. அவள் தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. ஆங்கில மீடியம், இந்தி இரண்டாம் மொழி. தன் பெயரை மட்டும் தமிழில் எழுதுவாள், அதுவும் ‘ல’வைக் கடைசியில் சுழிக்க மறந்து.

கட்டுரையை ரயிலில் மொழிபெயர்த்தேன். ஜன்னலோர இடம், மழைக்காற்று, கண் செருகியது. ‘லோன்’ என்று எழுதும்போது ஒன்றும் தோன்றவில்லை. ‘கடன்’ என்று எழுதியதும் வாசலில் ஆள் வந்து நின்றதுபோல் இருந்தது. தாணே தாண்டியபின் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்துக்கொண்டன. எதிர் இருக்கையில் வேல்ராஜ் வந்து உட்கார்ந்திருந்தார். [வரவில்லை. கனவு.] மகள் மறந்துவைத்த டிபனைக் கொடுக்க ஒருமுறை எங்கள் அலுவலகத்துக்கு வந்தவர், என் மேசையில் கிடந்த தமிழ்ப் பத்திரிகையை நின்றபடியே பக்கம் பக்கமாகப் படித்துக்கொண்டிருந்தார். நான் வந்தது தெரியாமல் படித்தார். கனவிலும் அதையேதான் செய்தார்.

குர்லாவில் முழித்துக்கொண்டேன். ‘என் தந்தைக்கு…’ என்று நின்றிருந்த வாக்கியத்தை இப்படி முடித்தேன்: ‘என் தந்தைக்கு ஆங்கிலம் தெரியாது.’ தலைகீழாகப் பிடித்த கடிதத்தை எழுதாமலே விட்டுவிட்டேன். மூலத்துக்கு உண்மையாகப் பெயர்த்தேன் என்று ஒப்பமும் போட்டேன். இரக்கம் என்று அப்போது நினைத்தேன். பயம்தான், வேறொன்றுமில்லை.

5

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சயானில் இறங்கித் தாராவிக்கு, அவர்கள் வீட்டுக்கு நடந்தேன். கூரைக்கு மேல் நீலத் தார்ப்பாய் போட்டிருந்தார்கள். இடுக்கு வழியாக வந்த வெளிச்சமும் நீலமாக இருந்தது. அந்த வெளிச்சத்தில் எல்லோரும் தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருப்பதுபோலத் தெரிந்தார்கள். பிரேமலதாவின் அம்மா ஆறுமுகத்தாய் டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

“படிச்சுக் காட்டுங்க ஆன்ட்டி” என்றாள் பிரேமலதா. சீக்கிரம் முடிந்தால் போதும் என்று அவளுக்கு.

“அவ்வோ எதுக்குச் செரமப்படணும்? குடுங்க மேடம், நானே பாக்கேன்” என்று வேல்ராஜ் தாளை வாங்கிக்கொண்டார். செய்தி வாசிப்பதுபோல் சத்தமாகப் படித்தார். “பொருளாதாரத்தில் நலிந்த… நலிந்தன்னா? சீக்காளியா?”

“இல்லை அண்ணாச்சி. வசதி குறைச்சல்னு அர்த்தம். அவ்வளவுதான்.”

“அப்பம் சரி. அது உள்ளதுதான்.” மேலே படித்தார். ‘ஆங்கிலம் தெரியாது’ வந்தபோது, ஆமாம் என்று தலையாட்டினார். முடித்ததும் மகளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த பெருமையை அவளால் தாங்க முடியவில்லை. குனிந்துகொண்டாள்.

“எங்கட்டி போடணும்?” சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார்.

“பேனா வேண்டாம்ப்பா.” அவள் பையிலிருந்து புது மைப்பெட்டியை எடுத்து வைத்தாள். “அங்கூட்டா வைக்கணும்.”

“கைநாட்டா? நானா?”

அவள் சொன்னாள். சான்றிதழ், சிவப்பு, இஜாஸ், பச்சை. “அதைப் போடாட்டி அடுத்த பேஜுக்கு ஆகே போகவே மாட்டேன்னுச்சுப்பா. இப்ப ஃபார்ம் போய்ட்டு. கையெழுத்துப் போட்டா ரிஜெக்ட் பண்ணிருவாங்க.”

வேல்ராஜ் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தார். என் பக்கம் திரும்பினார். “மேடம், நீங்க எழுதினதுல அப்படி இல்லயே.”

“நான்தான் மாத்தி எழுதிட்டேன். உங்களுக்கு வருத்தமா இருக்குமேன்னு…”

“உண்மையா எழுதினேன்னு கீழ கையெழுத்துப் போட்டுருக்கியளே.”

சின்ன வயதிலிருந்து எழுதுகிறேன். என் எழுத்தை யாரும் இவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

“அவ என்ன எழுதினாளோ அத அப்படியே எழுதிக் குடுங்க. எதுக்கு விரல வைக்கேன்னு எனக்குத் தெரியணும்லா.”

எழுதினேன். தாளை நீட்டினேன். அவர் சத்தமாகப் படித்தார். தனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதைத் தெளிவாக, நிறுத்தி, ஏற்ற இறக்கத்தோடு படித்தார். தலைகீழான கடிதத்தையும் படித்தார். மறுபடி முதல் வரிக்குப் போய் விரலை வைத்தார்.

“மேடம், ஒரு ‘ப்’ விட்டுட்டியளே. ‘எழுத படிக்க’ன்னு இருக்கு. எழுதப் படிக்க.”

பேனாவை எடுத்து நடுவில் ஒரு ‘ப்’ நுழைத்தார், புள்ளியும் வைத்து. பிரேமலதா அழுதுவிட்டாள். நானும் அழுதேன், எனக்கு அங்கே அழ என்ன உரிமை என்று தெரியாமலே.

டீயைக் கொண்டுவந்து வைத்த ஆறுமுகத்தாய்க்குக் கோபம் வந்துவிட்டது. “எதுக்கு இப்பம் ஆளாளுக்கு மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு இருக்கிய? ரேசன் கடையில, பேங்குல, ஓட்டுப் போடுத எடத்துல, எல்லாத்துலயும் நான் கைநாட்டுதான். நான் என்ன கொறஞ்சா போயிட்டேன்?”

“உன்ன யாரு என்ன சொன்னா?” என்றார் வேல்ராஜ்.

“வாயால சொல்லல. உங்க மூஞ்சி சொல்லுது.”

மழை தார்ப்பாயில் விழுந்துகொண்டிருந்தது. வேல்ராஜின் முன்னால் தாள். வலது பக்கம் பேனா, இடது பக்கம் மைப்பெட்டி.

6

இந்த இடத்தில் எனக்குக் கை பரபரக்கிறது.

பேனாவை எடுத்தார் என்று எழுதலாம். கட்டத்துக்குள் ‘வேல்ராஜ்’ என்று மணிமணியாகப் போட்டார். உதவி போனது. பதினாலு வட்டி வந்தது. [நீங்கள் கைதட்டுவீர்கள். தவணை கட்டப்போவது நீங்கள் இல்லையே.]

மையைத் தொட்டார் என்று எழுதலாம். டின் கழுவும் காரத்தில் ரேகை தேய்ந்து, கட்டத்தில் வெறும் கருப்பு வட்டம் மட்டும்… [கதைக்காரி புத்தி. அவர் விரலில் ரேகை நன்றாகவே இருக்கிறது. பார்த்தேன்.]

பூனாவுக்கே ரயிலேறிப் போய்ப் பதிவாளரிடம் உள்ளதைச் சொன்னார், அவர் கண் கலங்கி… [இது மறுபடியும் குர்லாவுக்கு முன்னால் வந்த தூக்கம்.]

7

நடந்தது எனக்குத் தெரியும். இரண்டடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். சொல்ல மாட்டேன். விண்ணப்பத்தின் எட்டாம் பக்கத்தில், தகவல் தவறென்று எப்போது தெரிந்தாலும் உதவி ரத்து, கொடுத்தது வட்டியோடு திரும்பப் பெறப்படும் என்று போட்டிருக்கிறது. விரலை வைத்தார் என்று நான் எழுதினால் இந்தக் கதையே சாட்சியாகிவிடும். கையெழுத்துப் போட்டார் என்று எழுதினால் அந்தப் பெண்ணைப் பார்த்து நீங்கள் ஐயோ பாவம் என்பீர்கள். அவளுக்கு அது பிடிக்காது. அதனால்தான் பெயர், ஊர், படிப்பு, டின் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். அந்த ‘ப்’ மட்டும் மாற்றாதது.

பத்திரிகை வந்ததும் ஒரு பிரதி அவர்கள் வீட்டுக்குப் போகும். ஆன்ட்டி என்ன எழுதியிருக்காங்க என்று பிரேமலதா கேட்பாள். அவளால் படிக்க முடியாது. அப்பாதான் வாசித்துக் காட்ட வேண்டும். என் பொய், அவள் பொய், ஆறுமுகத்தாயின் கோபம் எல்லாவற்றையும் அவர் குரலில் கேட்பாள். இந்த முறை நான் நடுவில் புகுந்து எதையும் மாற்ற முடியாது.

கட்டத்தில் என்ன விழுந்தது என்பது அவர்கள் மூன்று பேருக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு வேல்ராஜுக்கு எப்படி இருந்தது என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. நான் ரயிலைப் பிடிக்கக் கிளம்பிவிட்டேன். பிரேமலதா உறையை ஒட்டி, தபால் பெட்டியில் போடுவதுபோல் பைக்குள் திணித்துக்கொண்டாள். ஆறுமுகத்தாய் டம்ளர்களை எடுத்துப் போய்விட்டாள்.

லதா, இதை இப்போது உன் அப்பாவின் குரலில்தான் கேட்டுக்கொண்டிருப்பாய். அவரைக் கேள்.

அண்ணாச்சி, இத்தோடு வாசிப்பதை நிறுத்திவிட்டு, அன்றைக்கு உங்களுக்கு எப்படி இருந்தது என்று அவளுக்குச் சொல்லுங்கள். கூட வாசித்துவந்த மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்திருப்பார்கள்.