மீட்டர்களை நிறுத்தி வைத்த பிற்பகல்

என் மனைவி கைபேசிக் கோபுரங்களைக் கவனிக்கும் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தாள். அவள் இறந்து இரண்டு வருடமாகிறது. அவள் வேலை என்னவென்று எனக்கு ஒழுங்காகப் புரிந்தது ஒரே ஒரு பிற்பகலில்தான்.

அன்று காலையிலிருந்து ஊர் முழுக்க மின்சாரம் இல்லை. மூன்று மணிக்கு வந்தது. கொஞ்ச நேரத்தில் அவளுடைய மேலாளர் வைஃபை வழியாக அழைத்தார். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்துகொண்டு போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஆஸ்பத்திரி ஆக்சிஜன் டேங்க் பேச மாட்டேங்குதும்மா. கிடங்குல கத்துறாங்க."

அந்த டேங்கில் ஒரு சிம் உண்டு. எவ்வளவு மீதி இருக்கிறதென்று ஆக்சிஜன் கொண்டுவந்து நிரப்பும் கிடங்குக்கு அதுவே செய்தி அனுப்பும். கிடங்கில் இருந்ததோ ஒரே லாரி. இரண்டு ஆஸ்பத்திரிகளில் எதற்கு முதலில் போவதென்று தெரியாமல் ஓட்டுநர் காத்திருந்தார். ஆஸ்பத்திரிகளுக்குப் போன் போட்டாலும் லைன் கிடைக்கவில்லை.

திரையைப் பார்த்ததும் அவளுக்குப் பிடிபட்டது. ஊரிலுள்ள நாற்பதாயிரம் சிம் வைத்த மின் மீட்டர்களும் மின்சாரம் வந்துவிட்டதைச் சொல்ல ஒரே நேரத்தில் கோபுரத்தைத் தட்டிக்கொண்டிருந்தன. பதில் கிடைக்காதவை மறுபடி மறுபடி தட்டின.

"கரண்ட் வந்ததுதான் எல்லாருக்கும் தெரியுமே, அத வேற சொல்லணுமா?" என்றேன்.

"உங்க அக்கா மாதிரிதான். ஊருக்கே தெரிஞ்சத போன் போட்டுச் சொல்லும்."

"டவர ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணிடலாமா?" என்றார் மேலாளர்.

"ஐயோ சார், ஆன் ஆனதும் மொத்தமும் திரும்ப ஒண்ணா வந்து முட்டும். மீட்டர மட்டும் நிறுத்தி வைக்கிறேன்."

"மீட்டர்க்காரங்க நாளைக்கு என் தலையப் போட்டு உருட்டுவாங்களே!"

"உருட்டட்டும் சார். மீட்டர் ஒரு மணி நேரம் கழிச்சுச் சொன்னா யாருக்கும் மூச்சு முட்டாது."

கோபுரம் மீட்டர்களுக்கெல்லாம் ஒரே அறிவிப்பை அனுப்பியது: பொறுத்திருங்கள். திரையில் மலைபோல் நின்ற கோடு மளமளவென்று சரிந்தது. அரை நிமிடத்தில் டேங்க் பேசியது: பதினொரு சதவீதம். இன்னொரு ஆஸ்பத்திரியில் பாதிக்கு மேல் இருந்தது.

"லாரி கிளம்பிடுச்சும்மா!" என்றார் மேலாளர்.

பிறகு மீட்டர்களை உள்ளே விட்டாள். ஒவ்வொன்றும் தனக்குத்தானே சீட்டுக் குலுக்கி, விழுந்த எண் எத்தனையோ அத்தனை நொடி காத்திருந்து வந்தது.

"முண்டியடிக்காம வருதே!" என்று வாய்பிளந்தேன்.

"மனுஷங்க இல்லல்ல."

எழுந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை அவள். ஐந்து மணிக்கு டேங்க் மறுபடி பேசியது: அறுபத்திரண்டு. அதன்பிறகுதான் நாற்காலியில் சாய்ந்து, இரண்டு கால்களையும் என் மடியில் தூக்கிப் போட்டாள்.