பொன்னுத்தாய் பேசிய மூன்று பக்கம்

பாபநாசத்தில் பெண்கள் பள்ளியில் தமிழ் ஆசிரியையாக இருந்த மதுரத்துக்கு அந்தத் தை மாதம் முழுவதும் இருப்புக்கொள்ளவில்லை. பள்ளி விட்டு வந்ததும் புத்தகத்தைப் பிரிப்பாள். நாலு பக்கம் போவதற்குள் மூடி வைத்துவிட்டுக் கொல்லைக்கும் வாசலுக்குமாக நடப்பாள்.

தஞ்சாவூரிலிருந்து வெளிவந்த ஒரு வாரப் பத்திரிகையில் அவள் புத்தக மதிப்புரை எழுதிவந்தாள். ஆசிரியர் ஜெக்கரியா ஒரு விஷயத்தில் கறார். "நம்மளப் படிக்கிறவர் தையக்கடைக்காரர், பட்டுக்கோட்டைத் தேங்கா வியாபாரி. கடைசியில வாங்கலாமா, இரவல் வாங்கிப் படிக்கலாமா, விட்டுடலாமான்னு ஒரு வரி தெளிவா இருக்கணும் டீச்சர்" என்பார். அந்த வரியை எழுத மதுரம் அதுவரை தயங்கியதே இல்லை.

இப்போது வந்திருந்தது மருதையன் என்பவரின் முதல் நாவல். பூதலூர் ரயில் நிலையத்தில் குமாஸ்தா; பண்ணையில் கூலி வேலை செய்த குடும்பத்துப் பிள்ளை. கதை கூலிப் போராட்டத்தைப் பற்றியது. வெளியிலும் அதுதான் நடந்துகொண்டிருந்தது. நில உச்சவரம்புச் சட்டம் வந்ததிலிருந்தே மிராசுதார்களுக்குக் கலக்கம். போதாததற்கு, கூலி நெல்லை உயர்த்தாமல் அரிவாளைத் தொடமாட்டோம் என்று கூலியாட்கள் சங்கத்தார் உட்கார்ந்துவிட்டார்கள். மதுரத்தின் அண்ணன் பஞ்சாபகேசனின் வயலும் முற்றித் தலைசாய்ந்து நின்றது. கல்யாணம் செய்துகொள்ளாத மதுரம் அவர் வீட்டில்தான் இருந்தாள்.

"வயல்ல நெல் உதிர்ந்துண்டிருக்கு. நீ அவா எழுதினதைப் படிச்சுண்டு உக்காந்திருக்கே" என்றார் அவர்.

"படிக்கறதுதானே அண்ணா என் வேலை."

"படி, வேண்டாங்கலே. நன்னாருக்குன்னு எழுதி வெச்சுடாதே. ஊர்ல நான் தலை காட்டணும்."

அண்ணனுக்காக எதையும் மாற்றக் கூடாது என்ற வீம்போடுதான் அவள் உட்கார்ந்து எழுதினாள். நாவலின் முதல் பாதியை மனதாரப் பாராட்டினாள். நடவுக்குப் போன தாய், பால் கட்டிய மார்போடு வரப்பில் குழந்தையைத் தேடி ஓடிவரும் இடத்தை எடுத்துச் சொன்னாள். ஆனால் களத்துமேட்டில் பொன்னுத்தாய் என்ற கிழவி மிராசுதாரை எதிர்த்து மூன்று பக்கம் தங்குதடையில்லாமல் பேசுகிறாள். 'இது கூலிக்காரப் பெண்ணின் பேச்சல்ல, மேடைப்பேச்சு' என்று எழுதி, இரவல் வாங்கிப் படிக்கலாம் என்று முடித்தாள்.

அடுத்த வாரம் பஞ்சாபகேசன் பத்திரிகையும் கையுமாகச் சிரித்துக்கொண்டே வந்தார்.

"மிராசுதார் கூட்டத்துல நீ எழுதினதை வாசிச்சேன். எல்லாரும் கை தட்டினா. இதுகளுக்குப் பேசத் தெரியாது, எல்லாம் வெளியாள் சொல்லிக் குடுக்கறதுன்னு நாங்க சொல்லிண்டிருக்கோம். நீயும் அதைத்தானே சொல்லிருக்கே."

"நான் அப்படிச் சொல்லலே."

"அச்சுல இருக்கேடி!"

மதுரம் பத்திரிகையை வாங்கிப் பார்த்தாள். அவள் எழுதியதுதான். ஒரு எழுத்து மாறவில்லை. அண்ணன் வாசிக்கும் குரலில் அது வேறு ஒன்றாக ஆகியிருந்தது. அதற்குப் பிறகு வகுப்பில் பாடம் நடத்தும்போதும் நடுவில் நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மருதையனே ஒரு நாள் மத்தியானம் பள்ளிக்கு வந்துவிட்டார். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"பொன்னுத்தாய் எங்க அத்தைங்க. பேரைக்கூட நான் மாத்தல. அது அப்படித்தான் பேசிச்சு. பொழுது போனா சங்கக் கூட்டத்துல போய் உக்காந்துக்கும். எசமான் முன்னால 'நாங்கள்'னு சொல்றதுக்கே எங்க சனம் மேடையிலதான் கத்துக்கிச்சு. அது எங்க பேச்சு இல்லன்னு நீங்க எப்படி எழுதலாம்?"

மதுரத்துக்கு முகம் சுட்டது. "அது எனக்குத் தெரியாதுங்க. தெரியாம எழுதினது தப்புதான்" என்றாள். பிறகும் அவளால் விடமுடியவில்லை. "ஆனா ஒண்ணு கேக்கறேன். உங்க அத்தை மூணு பக்கம் பேசறாங்க. ஒரு தடவைகூட மூச்சு வாங்கலையே? சுத்தி நின்ன ஒருத்தரும் அசையலையே?"

மருதையன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நடுவுல நின்னுடுச்சுங்க. பேச்சு வரல. முந்தானைய வாயில வச்சுக்கிட்டு அழுதுச்சு. அப்புறம்தான் மறுபடி பேசிச்சு."

"அதை ஏன் எழுதல?"

"அழுதுச்சுன்னு எழுதினா உங்க அண்ணன் மாதிரி மிராசுதாருங்க என்ன சொல்லுவாங்க? பாரு, பேச வராம அழுதுட்டாள்னு சிரிப்பாங்க. அவங்க கையில அதைக் குடுக்க எனக்கு மனசு வரல."

மதுரம் தன் வரியை அண்ணன் மிராசுதார் கூட்டத்தில் வாசித்ததைச் சொன்னாள். மணி அடித்தது, அவர் எழுந்து போனார்.

அடுத்த கட்டுரையில் மதுரம் அதே நாவலைப் பற்றி மறுபடி எழுதினாள். பொன்னுத்தாயின் பேச்சு அந்தப் பெண்களின் சொந்தப் பேச்சுதான் என்றும், மிராசுதார் கூட்டத்தில் தன் வரிக்குக் கொண்ட அர்த்தம் தனக்குச் சம்மதமில்லை என்றும் வெளிப்படையாக எழுதினாள். அந்த மூன்று பக்கத்தில் மனுஷி மூச்சு விடவில்லை என்ற குறையை மட்டும் விடவில்லை. மருதையன் நம்பிச் சொன்ன அழுகையை அவள் தொடவில்லை. கடைசி வரியில், வாங்கலாம் என்று எழுதினாள்.

"ஒரே புத்தகத்துக்கு ரெண்டு தீர்ப்பா டீச்சர்?" என்று தலையைச் சொறிந்தார் ஜெக்கரியா. ஆனாலும் போட்டார்.

பஞ்சாபகேசன் கத்தவில்லை. பத்திரிகையை மடித்து அவள் முன்னால் வைத்து, "இந்தாத்துல இருந்துண்டு இதை எழுத வேண்டாம்" என்றார். எழுதுவதை நிறுத்துவாள் என்று நினைத்துத்தான் சொன்னார். அவள் அந்த வாரமே பள்ளிக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்துக்கொண்டு புத்தகங்களோடு போய்விட்டாள். கூலியைக் கொஞ்சம் உயர்த்த மிராசுதார்கள் ஒத்துக்கொண்டதும் அறுப்புத் தொடங்கியது. அண்ணன் புது அரிசி கொடுத்தனுப்பினார். அவர் மட்டும் வரவில்லை.

மறுவருஷம் மருதையன் அவள் அறைக்கு வந்தார், கையில் தடித்த ஒரு காகிதக் கட்டோடு. "அடுத்த நாவல். அச்சுக்குப் போறதுக்கு முன்ன நீங்க பாத்துச் சொன்னா தேவலை."

"வேண்டாங்க. இப்பப் பாத்துட்டா அப்புறம் மதிப்புரை எழுத என்னால ஆகாது. அச்சானப்புறம் அனுப்புங்க."

"விடவே மாட்டீங்களா?" என்று அவர் முறைத்தார். பிறகு கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு ரயிலுக்கு நடந்தார்.

கதவைச் சாத்திவிட்டு வந்த மதுரத்துக்கு அடுத்த நிமிஷமே பொறுக்கவில்லை. முதல் பக்கத்தையாவது பார்த்திருக்கலாம். செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போனாள். அவர் போய்விட்டிருந்தார்.