உயரமாகப் பீய்ச்சும் பம்பு

தண்ணீரை வரவழைக்க எங்களுக்குத் தெரியும். போகச் சொல்லத்தான் தெரியாது. கிணறு வெட்டி, அது வற்றி, போர் போட்டு, அதுவும் வற்றி, இன்னும் ஆழமாகப் போட்டு, பூமியின் அடிவயிற்றிலிருந்து பிடுங்கிப் பிழைத்தவர்கள் நாங்கள். அப்படிப்பட்ட எங்கள் வெங்காய வயலில் மழைத் தண்ணீர் கணுக்காலுக்கு மேல் நின்றபோது, நானும் என் வீட்டுக்காரரும் வரப்பில் நின்று திருதிருவென்று விழித்தோம்.

வரப்பை வெட்டிவிட்டால் போயிற்று என்று யாரும் யோசனை சொல்ல வேண்டாம். அந்தப் பக்கம் ஓடையில் தண்ணீர் எங்கள் வயலைவிட உயரத்தில் போய்க்கொண்டிருந்தது. வெட்டினால் உள்ளே இருப்பது வெளியே போகாது, வெளியே இருப்பது விருந்தாட வந்துவிடும். இறைத்துத்தான் ஆக வேண்டும். வெங்காயமோ பிடுங்குகிற பருவம். இன்னும் ஒருநாள் ஊறினால் அழுகல் பிடித்துவிடும்.

வெங்காயம் போனால் நிலமும் போகும். "இதுதான் கடைசி. இதுவும் போச்சுன்னா குத்தகைக்கு விட்டுட்டு டவுனுக்குப் போயிடலாம்" என்று நடும்போதே அவர் சொல்லிவிட்டார். அவருடைய தம்பி அங்கே ஒரு மில்லில் இருக்கிறார். அண்ணனுக்கு வாட்ச்மேன் வேலையும், மில்லுக்குப் பின்னால் ஓர் அறையும் பேசி வைத்திருக்கிறார். அந்த அறையை நான் பார்த்திருக்கிறேன். கட்டில் போட்டால் நிற்க இடமில்லை. மாடியில் இருப்பவர்கள் குளித்தால் கீழே சுவர் நனைகிறது. செத்தாலும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வெங்காயம் நல்லபடியாக வந்தால் அந்தப் பேச்சே எடுக்கமாட்டேன் என்று அவரும் வாக்குக் கொடுத்தார். அதனால் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த வெங்காயத் தாள்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த அறையின் நனைந்த சுவர்தான் தெரிந்தது.

காலையிலேயே பம்பு வாடகைக்கு விடும் கடைக்குப் போனோம். கடைக்காரரை ஊரே டமாரம் என்றுதான் கூப்பிடும். வாழ்நாள் பூராவும் இன்ஜின் சத்தத்தில் நின்று காது மந்தமாகி, குசலம் விசாரிப்பதைக்கூட ஊர்வலத்தில் கோஷம் போடுவது மாதிரித்தான் விசாரிப்பார்.

எங்கள் பக்கத்தில் பம்பு எடுப்பதற்கு ஒரு வழக்கம் உண்டு. கடைத் தொட்டியில் விட்டு ஓட்டிக் காட்ட வேண்டும். வந்தவர்கள் அத்தனை பேரும் அண்ணாந்து பார்ப்பார்கள். கூரையைத் தாண்டினால் நல்ல பம்பு. எதிர் மாடியில் காயும் துணியை நனைத்துவிட்டால் அப்புறம் பேச்சே கிடையாது, தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அன்றைக்கும் ஒரு ஒல்லிப் பம்பு துணியை நனைத்தது. மாடிக்கார அம்மா எங்கள் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டிக்கொண்டே துணியை எடுத்தாள். கூட்டத்துக்கு ஒரே குஷி.

டமாரம் மட்டும் தலையில் அடித்துக்கொண்டார். "அது கிணத்துப் பம்புங்க! உசரத்துக்கு ஏத்தும், ஆனா ஒல்லியாத்தான் வரும்! உங்களுக்கு வரப்பத் தாண்டினாப் போதும்! நெறையக் கொட்டணும்! இதப் பாருங்க!"

மூலையில் சாக்கு மூடிக் கிடந்ததை இழுத்து வந்தார். மீன் குட்டை வைத்திருந்த யாருக்காகவோ வரவழைத்து, அவரும் கைவிட்ட பம்பு. குட்டையாய், குண்டாய், வாய் மட்டும் தவலை அகலத்துக்கு. ஓட்டினார். தண்ணீர் இடுப்பு உயரம்கூட எழும்பாமல் பொதபொதவென்று தரையில் கொட்டியது.

"இதென்ன, சளி புடிச்ச மூக்கு மாதிரி ஒழுகுது?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

"ஒழுகுறதப் பாக்காதீங்க! தொட்டியப் பாருங்க! தொட்டி எங்க?" என்று டமாரம் கத்தினார். உண்மைதான், தொட்டி காலியாகிக்கொண்டிருந்தது. ஆனால் அண்ணாந்து பார்த்தே பழகிய கூட்டம் குனிந்து பார்க்குமா?

என் வீட்டுக்காரர் எதுவும் கேட்கவில்லை. ஒரு நட்டு வாங்குவதற்கே ஒன்பது கேள்வி கேட்கிற மனுஷர். "ஒல்லியையே எடுத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏற்றப் போய்விட்டார்.

"கடைக்கார அண்ணன் இவ்வளவு சொல்றாரேங்க" என்றேன்.

"அவருக்கு விக்காத சரக்கத் தள்ளிவிடணும். நீ ஏறு" என்றார்.

மதியத்துக்கெல்லாம் வயலில் இன்ஜின் ஓடியது. தண்ணீர் என்னமோ அமர்க்களமாகத்தான் போனது. வரப்பைத் தாண்டி, ஓடையையும் தாண்டி, ரோட்டில் விழுந்தது. சைக்கிளில் போன ஒருவர், விட்ட மழை மறுபடி பிடித்துக்கொண்டதோ என்று வானத்தைப் பார்த்தார். நான் வயலில் ஒரு குச்சியை நட்டு, தண்ணீர் நிற்கும் இடத்தில் கயிறு கட்டி வைத்திருந்தேன். பொழுது சாயும்போது கயிற்றுக்குக் கீழே ஒரு விரல்கடை இறங்கியிருந்தது. நடுவில் தாளும் சருகும் போய் அடைத்துக்கொள்ள, நிறுத்தி நிறுத்திப் பிடுங்கிப் போட்டோம். அவர் ஒவ்வொரு தடவையும் வரப்பிலிருந்து எழுந்திருக்கவே யோசித்தார்.

"வந்த தண்ணிய வானத்துக்கே திருப்பி அனுப்பப் போறீங்களா?" என்று கேட்டேன். எனக்கு நாக்கு சும்மா இருக்காது.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வழக்கமாகப் பதிலுக்கு இரண்டு கொடுப்பவர் வாயை மூடிக்கொண்டிருந்தது எனக்கு என்னவோ போலிருந்தது. ரோஷம் போலிருக்கிறது என்று நினைத்து விட்டுவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் வயலிலிருந்து லேசாக ஒரு வாடை வந்தது. வெங்காயம் பயிர் செய்பவர்களுக்கு அந்த வாடை தெரியும்.

"குண்டுப் பம்பை எடுத்துட்டு வரேன்" என்றேன்.

"இனிமே எதுக்கு? போனது போச்சு."

"உங்களுக்குப் போச்சு. எனக்குப் போகல" என்று ஒல்லியை ஆட்டோவில் போட்டுக்கொண்டு தனியாகவே போனேன். டமாரம் என்னைப் பார்த்ததும், "நேத்தே தொண்ட கிழியக் கத்துனேனே தங்கச்சி!" என்று இன்னொரு தடவை கிழித்துக்கொண்டார். ஆனாலும் நல்ல மனுஷர். பள்ளமான மூலையில் குழி தோண்டி, உறிஞ்சுகிற வாயை ஒரு கூடைக்குள் வைத்து இறக்கினால் சருகு அடைக்காது என்று சொல்லி, கூடையையும் கொடுத்து அனுப்பினார்.

குழியை நான்தான் தோண்டினேன். இடுப்பு விட்டுப்போயிற்று. அவர் குழாயை மட்டும் வந்து பிடித்தார். ஓட்டியதும் குண்டு தன் பாட்டுக்கு வரப்புக்கு மேலே கொட்ட ஆரம்பித்தது. வேடிக்கை பார்க்க அதில் ஒன்றுமில்லை. ஆனால் வயல் முழுக்கச் சிதறிக் கிடந்த சருகெல்லாம் மெல்ல மூலையைப் பார்த்து நகர்ந்தது. குச்சியில் கயிறு தண்ணீரை விட்டு விலகிக்கொண்டே போயிற்று. முதலில் பாத்திகளின் மேடு தெரிந்தது, பிறகு சேறு. மதியச் சாப்பாட்டைக்கூட நினைக்காமல் நான் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சேற்றில் இறங்கிப் பிடுங்கிப் பார்த்தேன். மூலைப் பாத்தியில் எல்லாம் கொழகொழ. அடுத்ததிலும் அப்படியே. அதற்கு மேலே ஒன்றைப் பிடுங்கிக் கட்டை விரலால் அழுத்தினேன், கல் மாதிரி இருந்தது. பக்கத்துப் பாத்தியும் அப்படியே. மேட்டுப் பக்கம் பூராவும் பிழைத்திருந்தது. நான் சின்னப்பிள்ளை மாதிரி கத்தினேன்.

"என்னங்க, பொழச்சுக்கிச்சு! பாதிக்கு மேல பொழச்சுக்கிச்சு!"

அவர் வரப்பில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் போய் வெங்காயத்தை நீட்டினேன். கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். லீவு கேட்டுக் கிடைக்காத ஆள் மாதிரி இருந்தது முகம்.

"என்னங்க, சந்தோஷமா இல்லையா?"

"எனக்குத் தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"எந்தப் பம்பு எறைக்கும்னு. அந்த ஆளு கத்துனது தெருவுக்கே கேட்டுச்சு. எனக்குக் கேக்காதா?"

"தெரிஞ்சுமா அதை எடுத்தீங்க?"

"போகட்டும்னுதான்." தன் காலைப் பார்த்துக்கொண்டே பேசினார். "இது ஒவ்வொரு வருசமும் முழுசாப் போகவும் மாட்டேங்குது, முழுசாப் பொழைக்கவும் மாட்டேங்குது. என்னால முடியலடி. காலைல எந்திரிச்சா வயலுக்குக் கால் வர மாட்டேங்குது. இதுவாப் போயிட்டா உங்கிட்டப் பேச வேண்டியதில்லன்னு பாத்தேன்."

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா விட்டுருப்பியா?"

அந்த வெங்காயத்தை எடுத்து அவர் மண்டையிலேயே போடலாமா என்று இருந்தது. அவ்வளவு கோபம். அவருடைய பாதங்களைப் பார்த்தேன். ஊறி ஊறி வெளுத்து, விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான் அதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பம்பின் சத்தம் மாறியது. குழியில் தண்ணீர் தீர்ந்து காற்றை இழுக்க ஆரம்பித்திருந்தது. அப்படியே விட்டால் உள்ளே தேய்ந்து எரிந்துபோகும். அவர் பழக்கத்தில் கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார்.

"உக்காருங்க" என்று சொல்லிவிட்டு நானே இறங்கிப் போய் நிறுத்தினேன். காது ரெண்டும் கொய்யென்றது.

"பிடுங்க ஆள் சொல்லணும்" என்றேன் வயலில் நின்றபடியே.

"சொல்றேன்."

"பிடுங்கி முடிச்சதும் உங்க தம்பிக்குப் போன் பண்ணுங்க."

"எதுக்கு?"

"அந்த வேலை இன்னும் இருக்கான்னு கேக்கத்தான்."

அவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்குவது தெரிந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பிக் குனிந்து, நல்ல வெங்காயமாகப் பார்த்துப் பிடுங்க ஆரம்பித்தேன்.