ஃபெயில் சாரின் ஸ்வெட்டர்

நாங்கள் குடும்பமாகப் போன பயணங்களை என் வீட்டுக்காரர் போட்டோவில் வைத்திருக்கிறார். நான் உல்லனில் வைத்திருக்கிறேன். அணைக்கட்டுக்குப் போனது எனக்கு ஒரு ஜோடிக் காலுறை. ஏரிக்கரையில் கூடாரம் போட்டு, மழை பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு ஓடி வந்தது என் மகனின் மப்ளர். ஒரு துணிக்கடைக்காக நான் பின்னித் தருகிற குழந்தைத் தொப்பிகளில் பாதி, ஏதாவது ஒரு அருவிக்குப் போகிற வழியில் உருவானவைதான். வாங்கிப் போகிறவர்களுக்கு அது தெரியாது, தெரிந்து ஒன்றும் ஆகப்போவதுமில்லை.

"ஊர் சுத்திப் பாக்க வந்துட்டு, குனிஞ்ச தலை நிமிராம உக்காந்திருக்கியே" என்று இவர் கேட்காத பயணம் கிடையாது.

"நீங்க பாத்து சொல்லுங்க" என்பேன். சொல்லுவார். தொல்லையே அதுதான். வண்டி ஓட்டிக்கொண்டே சொல்லுவார்.

இவர் ஓட்டுநர் உரிமம் தருகிற ஆபீசில் தேர்வு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் இவருக்கு வைத்த பெயர் ஃபெயில் சார். தேர்வுக்கு வருகிறவரின் பக்கத்தில் உட்கார்ந்தால் வாயையே திறக்க மாட்டாராம். கடைசியில் "சாவியைக் குடுங்க" என்றால் கதை கந்தல். அவரே வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்பிவிடுவார். "வண்டிய எடுங்க, ஆபீசுக்குப் போலாம்" என்றால் பிழைத்தார்கள். பாஸ் என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததாக யாரும் சொன்னதில்லை. கிளம்பும்போது வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி ஆஃப் ஆனால் போதும், உடனே சாவிக்குக் கை நீண்டுவிடும். அப்படிக் கை நீட்டியதில் எங்கள் குடும்ப டாக்டரும் அடக்கம் என்பதால், காய்ச்சல் வந்தால் நான் கொஞ்சம் தூரத்தில் இருக்கிற டாக்டரிடம்தான் போகிறேன்.

இவ்வளவு கறாரான மனிதர் தானே ஓட்டும்போது என்ன செய்வார் என்றால், பறவை பார்ப்பார். மலை வளைவில் வண்டி பாதி திரும்பியிருக்கும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். "அதோ பாரு, கழுகு" என்று ஸ்டீரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டுவார். தலையும் கூடவே போகும். கழுகு பத்திரமாகத்தான் இருக்கும், நாங்கள்தான் அந்தரத்தில் இருப்போம். அந்த நேரத்தில் நான் ஊசியைத் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை. பயந்தாங்கொள்ளி என்று பெயர் வாங்குவதைவிட ரசனை கெட்டவள் என்று பெயர் வாங்குவது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

இந்த முறை மலைக்குக் கிளம்பியதில் என் மகளுக்கு ஒரு காரியம் இருந்தது. அவள் ஒரு பேக்கரியில் வேன் ஓட்டுகிறாள். விடியும்போது ரொட்டியை ஏற்றினால், ஊர் பல் தேய்ப்பதற்குள் எல்லாக் கடைக்கும் போட்டுவிட்டு வந்துவிடுவாள். இப்போது சுற்றுலாக் கம்பெனி ஒன்று, மலைப்பாதையில் சின்ன பஸ் ஓட்ட அவளைக் கூப்பிட்டிருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இவரிடம் சொன்னபோது, "வேன் வேற, மலை வேற" என்று பேப்பரைத் திருப்பிக்கொண்டார். "ரொட்டி உருண்டா ரொட்டியோட போச்சு. ஆளுங்க உருண்டா?"

சொந்தமாகச் சம்பாதிக்கிறவள், கேட்காமலே போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் அவள் என்னிடம் சமையலறையில் நின்றுகொண்டு சொன்னாள்: "ஊரையே ஃபெயிலாக்கின மனுஷன்மா. அவர் வாயால சரின்னு வரலைன்னா எனக்கு அந்த பஸ் வேண்டாம்." சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. பிடிவாதம் அப்பாவிடமிருந்து வந்தது, கண்ணீர் என் பக்கம்.

ஆகவே சனிக்கிழமை காலை கிளம்பினோம். இவருக்கு நல்ல ஜலதோஷம். மருந்துக்கடைக்காரர் தூக்கம் வரும் என்று சொல்லித்தான் மாத்திரை கொடுத்திருந்தார். அதனால் அடிவாரம் வரைக்கும் மகள் ஓட்டலாம், அங்கே இவர் ஸ்டீரிங்கை வாங்கிக்கொள்வார் என்று உத்தரவு ஆனது. இவர் முன்சீட்டில், மேற்பார்வைக்கு. பின்சீட்டில் நானும் என் மகனும். மகன் கல்லூரியில் பாடம் நடத்துகிறான், மாணவர்கள் நடுங்குவார்களாம். பின்சீட்டில் உட்கார வைத்தால் பிளாஸ்டிக் பையைக் கையில் பிடித்துக்கொண்டு அவன்தான் நடுங்குவான்.

நான் இவருடைய ஸ்வெட்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். உடம்பு முடிந்திருந்தது. ஒரு கையைப் போன மாதம் இதே மலைக்கு இவர் ஓட்டி வந்தபோது முடித்துவிட்டேன். தடித்த நூல், பெரிய ஊசி, என் கையும் வேகம். வீட்டு வாசலில் தோளில் ஆரம்பித்தால் உச்சிக்குப் போகும்போது மணிக்கட்டுக்கு வந்துவிடும். இன்றைக்கு இன்னொரு கையை முடித்து, உச்சிக் குளிரில் இவருக்குப் போட்டுவிடுவது என் திட்டம்.

அடிவாரத்தில் ஆற்றோரமாக ஒரு காபிக்கடை இருக்கிறது. மகள் அங்கே வண்டியை நிறுத்தி, "அப்பா" என்றாள். பதிலுக்குக் குறட்டை வந்தது. இன்னொரு தடவை கொஞ்சம் மெதுவாகக் கூப்பிட்டாள். எழுப்புவதற்காகக் கூப்பிட்ட மாதிரி எனக்குத் தோன்றவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். நான் ஊசியால் மலையைக் காட்டினேன்.

"யார் ஓட்டினாலும் சரி, சீக்கிரம் ஓட்டுங்க" என்றான் மகன், பைக்குள்ளிருந்து.

உச்சியில் ஹேண்ட்பிரேக் சத்தம் கேட்டுத்தான் இவர் விழித்தார். "ஏன் நிறுத்திட்ட? மலை வந்துருச்சா?"

"வந்து முடிஞ்சும் போச்சுப்பா."

இறங்கி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து டயரைப் பார்த்தார். கதவுகளைத் தடவினார். ஒரு கீறல் கிடைத்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். "நான் தூங்கிட்டேன். பாக்காததுக்கு என்னால மார்க் போட முடியாது" என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார். மகள் டிக்கியைத் திறந்து ரொட்டிக் கூடையை எடுத்தாள். அவள் முகம் விழுந்துபோனதை நான் பார்த்தேன்.

பள்ளத்தாக்கைப் பார்த்தபடி ஒரு பெஞ்சு. குளிர் காதைக் கடித்தது. நான் கடைசிப் பின்னல் கண்ணிகளை மூடி, நூலை நறுக்கி, ஸ்வெட்டரை நீட்டினேன். இவர் மாட்டிக்கொண்டு இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார். ஒரு கை விரல் முட்டி வரைக்கும் வந்து மூடியது. இன்னொன்று கைக்கடிகாரத்துக்கு மேலேயே நின்றுவிட்டது.

"ரெண்டு பேர் பங்கு போட்டுப் போட்டுக்கிட்ட மாதிரி இருக்குப்பா" என்றான் மகன். கெட்டியான தரையில் நின்றதும் அவனுக்கு உயிர் வந்துவிட்டது.

"அளவு எடுத்தியா, கண்ணை மூடிக்கிட்டுப் போட்டியா?" என்றார் இவர் என்னிடம்.

"எடுத்தேன். ரெண்டும் ஒரே கணக்குதான்."

சொன்னால் நம்புகிற ஆளா? அந்தக் குளிரில் ஸ்வெட்டரைக் கழற்றி, பெஞ்சில் விரித்து, பேனா முனையால் வரிசை வரிசையாகத் தொட்டு எண்ணினார். நீளக் கை. பிறகு குட்டைக் கை. பிறகு என் மேல் நம்பிக்கை இல்லாமல் மறுபடியும் நீளக் கை. "ஒண்ணாத்தான் இருக்கு" என்றார், ஏதோ நான் அவரை ஏமாற்றிவிட்ட மாதிரி. "அதே நூல், அதே ஊசி. அப்புறம் எப்படி ஒண்ணு குட்டை?"

நூல் சுருங்கிவிட்டது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் மகள் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"குட்டைக் கை, போன மாசம் நீங்க ஓட்டும்போது போட்டது. நீளக் கை, இன்னைக்கு அவ ஓட்டும்போது போட்டது."

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"பயந்தா நூலை இழுத்துப் பிடிச்சுருவேன். கண்ணி இறுகிரும். தொட்டுத்தான் பாருங்களேன்."

தொட்டுப் பார்த்தார். தேர்வு அதிகாரிக்கு அப்போதும் ஒரு ஓட்டை கிடைத்தது. "முழங்கை வரைக்கும் ரெண்டும் சமமாத்தானே இருக்கு?"

"அது வரைக்கும் சமவெளி. அங்க உங்களுக்குப் பறவை கம்மி. முழங்கைக்குக் கீழதான் மலை."

மகன் சிரிப்பதற்கு வாயைத் திறந்து, அப்பாவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். இவர் குட்டைக் கையை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"இவ்வளவு வருஷமாவா?"

"நான் போட்ட காலுறை எல்லாம் ஏன் காலைக் கடிக்குதுன்னு நினைச்சீங்க?"

அவர் முகம் சின்னதாகிவிட்டது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. இந்த மனிதர் எங்களை எங்கெங்கோ கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். ஒவ்வொரு முறையும் பத்திரமாக வீட்டில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். அவர் மேல் எனக்கு அன்பு குறைந்ததே இல்லை, பயமும் குறைந்ததில்லை. இரண்டும் ஒரே வண்டியில்தான் வந்துகொண்டிருந்தன.

ஸ்வெட்டரை மறுபடி மாட்டிக்கொண்டு தொண்டையைச் செருமினார். "இதெல்லாம் சாட்சி ஆகாது. இறங்கும்போது அவ ஓட்டட்டும். நான் முழிச்சிருந்து பாக்கறேன். அடிவாரத்துல நான் வாங்கிக்குவேன்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் மகன் ஓடிப்போய் முன்சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டையும் போட்டுக்கொண்டான். கல்யாணமான நாளிலிருந்து முதல் முறையாக, எங்கள் வண்டியின் பின்சீட்டில் இவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

முதல் வளைவிலேயே ஜன்னலுக்கு மேலே இருக்கிற கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். பேசவில்லை, தேர்வில் பேசுகிற வழக்கம் இல்லையே. ஆனால் வலது கால் மட்டும் மிதியடியை மிதித்துக்கொண்டே இருந்தது. அங்கே பிரேக் இல்லை என்பதை நான் சொல்லவில்லை. இது எப்படி இருக்கும் என்று ஒருவருக்கு ஒரு தடவையாவது தெரிய வேண்டும்.

ஆனாலும் விரல் முட்டிகள் வெளுத்துப்போவதைப் பார்த்து மனசு கேட்கவில்லை. குட்டைக் கையின் முனையை அவிழ்த்து நூலை இழுத்தேன்.

"போட்டிருக்கும்போதேவா பிரிக்கற?"

"நான் பிரிக்கறேன். நீங்க உருண்டையாச் சுத்துங்க. கைப்பிடியை விட்டாத்தான் சுத்த முடியும்."

வேண்டாவெறுப்பாக விட்டார். சுற்ற ஆரம்பித்தார். எதிரே ஒரு பஸ் வந்தது. மகள் நிறுத்தி, நிதானமாகப் பின்னால் எடுத்து, பாறையோரம் ஒதுங்கி வழிவிட்டாள். இவர் மூச்சை அடக்கிக்கொண்டு நூலை நெரித்துக்கொண்டிருந்தார். பஸ் டிரைவர் கையசைத்துவிட்டுப் போனார். மூச்சு மெல்ல வெளியே வந்தது. அதற்குப் பிறகு வந்த வளைவுகளில் மிதியடி மேல் இருந்த கால் கொஞ்சம் கொஞ்சமாக ஓய்ந்தது.

பாதி மலையில், "அதோ..." என்று ஆரம்பித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

மகள் தலையைத் திருப்பவில்லை. "நீங்க பாத்து சொல்லுங்கப்பா" என்றாள், சாலையைப் பார்த்தபடியே.

இவர் ஜன்னல் பக்கம் சாய்ந்து அந்தக் கழுகைப் பார்த்தார். அது வட்டமடித்து, கீழே இறங்கி, பாறைக்குப் பின்னால் மறைகிற வரைக்கும் பார்த்தார். இத்தனை வருஷத்தில் ஒரு கழுகைக்கூட அவர் முழுசாகப் பார்த்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

முழங்கை வரைக்கும் பிரித்து நிறுத்தினேன். அதற்கு மேலே சமவெளி, அதில் குறை இல்லை. உருண்டையை என் மடியில் போட்டார். அமுக்கிப் பார்த்தேன். உள்ளே கல் மாதிரி இருந்தது. மேல் சுற்றுகள் மெத்தென்று, விரல் உள்ளே போகிற அளவுக்குத் தளர்ந்திருந்தன. அடிவாரம் வருவதற்கு முன்பே எனக்கு ரிசல்ட் தெரிந்துவிட்டது.

காபிக்கடை பக்கத்தில் மகள் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துப் பின்னால் நீட்டினாள். சொன்ன சொல் தவறாதவள்.

இவர் சாவியைப் பார்த்தார். கை நீட்டவில்லை. பாதிக் கை ஸ்வெட்டரோடு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"வண்டிய எடு" என்றார். "வீட்டுக்குப் போலாம்."

அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் நான்கு பேருக்கும் தெரியும். மகள் திரும்பி அவரைப் பார்த்தாள். அழுகையும் சிரிப்புமாக முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாவியைப் போட்டுத் திருகினாள். கிளட்ச்சை அவசரமாக விட்டுவிட்டாள் போலிருக்கிறது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி ஆஃப் ஆனது.

நான் உருண்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மகன் கண்ணை மூடிக்கொண்டான்.

ஃபெயில் சார் நிதானமாக ஜன்னல் பக்கம் திரும்பி, ஸ்வெட்டர் இல்லாத பாதிக் கையை வெளியே நீட்டினார். "அதோ பாரு, மீன்கொத்தி" என்றார்.

என் வாழ்நாளில் முதல் முறையாகத் தலையை நிமிர்த்தி அவர் காட்டிய பக்கம் பார்த்தேன். செங்கல் ஏற்றிய லாரி ஒன்று மட்டும் நின்றிருந்தது.