முதலில் வாங்கியவர்

பழைய குடியிருப்பை இடித்துக் கட்டிய புதுத் தெருவில் பஸ் டிரைவர் ஒருவர் மட்டுமே முழு விலை கொடுத்து வீடு வாங்கியிருந்தார். மற்ற வீடுகள் விலைபோகாமல் பூட்டிக் கிடந்தன. தெரு காலியாகக் கிடக்கக் கூடாதென்று, அவற்றைக் கட்ட பில்டர் வாங்கிய வங்கிக் கடனை மாநகராட்சியே அடைத்துவிட, அவர் எல்லாவற்றையும் பாதி விலைக்கு விற்றார்.

“நமக்கு ஏதாச்சும் குறைப்பாங்களாங்க?” என்றாள் மனைவி.

“கேட்டேன். வித்தது வித்ததுதானாம்.”

கத்தப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டை வாங்கிய குடும்பம் குடிவந்தது. பீரோ இறக்க அவரும் கை கொடுத்தார்.

“அண்ணே, நீங்க என்ன விலைக்கு வாங்குனீங்க?” என்று புதியவர் கேட்டார்.

“ஞாபகமில்ல தம்பி. படி உசரம், பாத்துத் தூக்குங்க.”

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: “எப்படிப்பட்ட ஆளுங்க?”

“நல்லவங்கதான்,” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.