கடைசி எண்ணோடு ஒன்று

"வாலு, உடனே வீட்டுக்கு வா. உங்க அண்ணனுக்குத் தெரிய வேண்டாம்."

போனில் அண்ணியின் குரலில் இருந்த துள்ளல்தான் வாலுவைப் பயமுறுத்தியது. குழந்தை போனதிலிருந்து அண்ணி கேட்டதற்குப் பதில் சொல்வாள், தட்டில் வைத்ததைச் சாப்பிடுவாள், அவ்வளவுதான்.

வாலு என்பது வீட்டுப் பெயர். சின்ன வயதில் அண்ணன் போகுமிடமெல்லாம் பின்னாலேயே போனதால் வந்தது. வளர்ந்து கம்ப்யூட்டர் புரோகிராமர் ஆன பிறகும் அது அவளை விட்டுப் போகவில்லை.

கட்டில் விளிம்பில் அண்ணி தலைவாரி, முகம் கழுவி உட்கார்ந்திருந்தாள். "கதவச் சாத்து" என்றவள் போனை நீட்டினாள். ஆஸ்பத்திரியின் தடுப்பூசிப் பக்கம். கே-4417 என்ற எண்ணும் பிறந்த தேதியும் போட்டிருந்தாள். கீழே வந்திருந்தது: எடை ஆறு கிலோ, இரண்டு ஊசி போட்டாயிற்று, மூன்றாவதற்கு வரும் வியாழக்கிழமை.

"உயிரோட இருக்கான் வாலு."

"அண்ணி..."

"நான் கண்ணு முழிக்கறதுக்குள்ள எல்லாத்தையும் முடிச்சுட்டீங்க. முகத்தக்கூடக் காட்டல. அவன் கையில கட்டியிருந்த பட்டைய மட்டும் கொடுத்தாங்க. அதுல இருக்கற நம்பர்தான் இது. ஆஸ்பத்திரியில பிள்ளைய மாத்திட்டாங்க. இல்லாட்டி செத்த பிள்ளைக்கு யாரு ஊசி போடுவா?"

அந்தப் பக்கத்தைச் செய்தவளே வாலுதான். பிறத்தியார் கண்ணில் படக்கூடாதென்று தாய் பெயரோ தகப்பன் பெயரோ காட்டாமல் விட்டதும் அவள்தான்.

"ஒரு நாள் பொறுங்கண்ணி. பாத்துட்டுச் சொல்றேன்."

"பாரு. நீ எழுதினதுதானே, உனக்குத் தெரியாததா?"

ஆபீசுக்குத் திரும்பும் வழியெல்லாம் அண்ணி சொன்னது மெய்யாக இருந்துவிடக் கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது. புதைக்கக் கொண்டு போகையில் துணிப்பொதியைத்தான் அவளும் பார்த்தாள். முகம் பார்த்தவன் அண்ணன் ஒருவன்தான். அவன் கையில் கொடுத்தது வேறு யாருடைய பிள்ளையாகவோ இருந்தால்?

தான் எழுதிய நிரலைத் திறந்தாள். நாலே வரி. பதிவில் இருக்கும் கடைசி எண்ணை எடு, ஒன்றைக் கூட்டு, முன்னால் 'கே' போடு, புதுக் குழந்தைக்குக் கொடு. அவசர அவசரமாக எழுதிக் கொடுத்தது. "ஓடுதுல்ல? அடுத்த வேலையப் பாரு" என்றிருந்தார் மேனேஜர். ஓடத்தான் செய்தது. கடைசிப் பதிவையே யாராவது அழித்துவிட்டால் என்ன ஆகும் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. அதற்கு முந்தியது கடைசியாகிவிடும். அதோடு ஒன்றைக் கூட்டினால், போனவனின் எண்ணே அடுத்தவனுக்குப் போகும்.

அழித்தது யார் என்பதும் கம்ப்யூட்டரின் குறிப்பில் இருந்தது. பதிவு கவுண்டர் அம்மாவைப் போனில் பிடித்தாள்.

"நான்தான் மேடம் எடுத்தேன்" என்றாள் அந்த அம்மா. "எடுக்காட்டி ஊசி போட வாங்கன்னு அந்தத் தாய்க்கு மெசேஜ் போய்க்கிட்டே இருக்கும். முன்னாடி ஒரு பொண்ணு அப்படி வந்த மெசேஜோட கவுண்டர்ல நின்னு அழுதுச்சு. பாக்க முடியல. அதான்... தப்பா மேடம்?"

"உங்க மேல தப்பில்ல" என்று போனை வைத்தாள் வாலு. பிள்ளை பிறந்த அன்று காலையிலேயே அழித்திருக்கிறார்கள். அன்று மத்தியானமே வேறொரு தாய்க்குப் பிறந்த பையனுக்குக் கே-4417 போயிருக்கிறது. அவள் மனசுக்குள் அந்தப் பிள்ளை இரண்டாம் தடவையும் செத்துப்போனான்.

மறுநாள் அண்ணியிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அண்ணி இமைக்காமல் கேட்டாள்.

"நீ எழுதினது தப்பா?"

"ஆமாண்ணி. நான் எழுதினதுதான்."

"அப்ப, உன் கம்ப்யூட்டர் இப்ப சொல்றது மட்டும் சரின்னு எப்படி நம்பறது?"



வியாழக்கிழமை அண்ணி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். தடுத்தால் தனியாகப் போவாள் என்று வாலுவும் கூடப் போனாள். ஊசி போடும் அறைக்கு வெளியே நீள பெஞ்சுகள். பிள்ளைகளின் அழுகை ஒன்று ஓய்ந்தால் ஒன்று தொடங்கியது. அண்ணி கதவருகே உட்கார்ந்து, உள்ளே போகும் ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். இடுப்பில் ஒளித்து ஒரு குட்டித் தொப்பி கொண்டுவந்திருந்தாள். அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள் வாலு.

"கே நாலு நாலு ஒண்ணு ஏழு!" என்று நர்ஸ் கூப்பிட்டாள்.

அண்ணி எழுந்தேவிட்டாள். பின்வரிசையிலிருந்து ஒருத்தி பிள்ளையைத் தோளில் போட்டபடி வந்தாள். அவளுக்கு அகன்ற நெற்றி, விரிந்த காது, இடப்பக்கக் கன்னத்தில் குழி. பிள்ளை தலையைத் திருப்பி அண்ணியைப் பார்த்துச் சிரித்தது. அதே நெற்றி, அதே காது, அதே இடத்தில் குழி. தாயை உரித்து வைத்திருந்தது.

"உங்களத்தான் கூப்பிட்டாங்களா?" என்று கேட்டாள் அந்தப் பெண், வழி விட்டு நின்று.

"இல்லம்மா. நீங்க போங்க" என்றாள் அண்ணி.

வெளியே வந்ததும் அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் அண்ணன் வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அண்ணி கேட்டாள்: "அவன் யார மாதிரி இருந்தான்?"

அண்ணன் தங்கையைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"யாரு?"

"நம்ம பையன். நீங்க கையில வாங்கினீங்களே."

அண்ணன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தான். "உன் மூக்கு" என்றான். "தலை நிறைய முடி. கை விரல் எல்லாம் எங்கப்பா மாதிரி, நீள நீளமா. தூங்கற மாதிரிதான் இருந்தான்."

"ஏன் சொல்லல இத்தன நாளா?"

"நீ கேட்டா சொல்லலாம்னு இருந்தேன். நீ கேக்கல."

"நீங்க சொல்லுவீங்கன்னு நான் இருந்தேன்."

அதுவரை அழாத அண்ணி அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். அண்ணன் அருகே போகவும் தெரியாமல் விலகவும் தெரியாமல் உட்கார்ந்திருந்தான். வாலு சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டாள்.

அந்த வாரமே நிரலைத் திருத்தினாள். எண்களை எண்ணிக்கொண்டே போக மட்டும் தெரிந்த ஒரு தனிக் கணக்கு. அது பின்னால் வராது, கொடுத்த எண்ணை மறுபடி கொடுக்காது. பதிவை இனி யாரும் அழிக்க முடியாது. மெசேஜை நிறுத்தத் தனிப் பொத்தான்.

"பதிவு பாதியில நின்னு நடுவுல ஒரு நம்பர் விட்டுப்போனா எங்கேன்னு கேப்பாங்களே?" என்றார் மேனேஜர்.

"கேக்கட்டும் சார். பதில் சொல்லிக்கலாம்."

போனவனின் பதிவையும் வேறு எண் கொடுத்து மறுபடி ஏற்றலாம் என்று தோன்றியது. அண்ணியிடம் கேட்டாள்.

"எதுக்கு?" என்றாள் அண்ணி. கோபமில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "விடு. எனக்கு இனி அந்தப் பக்கத்தத் திறக்க வேண்டாம்."

மாசக் கடைசியில் அண்ணி தன் அம்மா வீட்டுக்குப் போனாள். கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றுதான் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வாலு அண்ணன் வீட்டுக்குப் போய், துணி துவைத்து, பாத்திரம் கழுவி வைக்கிறாள். அண்ணன் ஜன்னலருகே உட்கார்ந்திருப்பான்.

"அண்ணி பேசினாங்களா?" என்று கேட்பாள்.

"நேத்து பேசினா" என்பான். சில வாரம், "இல்ல" என்பான்.