சாசனம் படித்த பிரதிநிதி

அயர்லாந்தின் வெக்ஸ்போர்ட்டில் நாங்கள் வேலை செய்யும் பாண் ரொட்டித் தொழிற்சாலையில் யூனியன் பிரதிநிதி நான்தான். அதாவது, போன பங்குனி வரைக்கும். வரலாறு படித்ததால் பதவி போனது.

நூலகத்தில் ஒரு புத்தகம் கைக்கு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வாக்குரிமை கேட்டுப் போராடிய சாசன இயக்கத் தொழிலாளர்களைப் பற்றியது. நெசவாளர்களும் சுரங்கத்தாரும் இலட்சக்கணக்கில் கையெழுத்திட்ட மனுவைத் தூக்கிக்கொண்டு நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். அங்கே அதை ஏற்கவே மறுத்துவிட்டார்கள். எனக்கு இரத்தம் கொதித்தது.

மறுநாள் சாப்பாட்டு அறையில் கதிரையில் ஏறி நின்று பேசினேன். பொதி கட்டும் பகுதியில் வேலை செய்யும் சுபாங்கி தலையை நிமிர்த்தினாள்.

"இக்னேசியஸ் அண்ணை, அவை என்ன கேட்டவை?"

"ஆறு கோரிக்கை. ஆம்பிளையள் எல்லாருக்கும் வோட், ரகசிய வாக்கெடுப்பு, வருசா வருசம் தேர்தல்..."

"பொம்பிளையளுக்கு?"

"அது... பிறகுதான் வந்தது."

"சரி, எங்கட யூனியனில எப்ப தேர்தல் வைச்சனீங்கள்?"

அறையே சிரித்தது. வழக்கமாக வருடக் கூட்டத்தில் யாராவது "அண்ணையே இருக்கட்டும்" என்பார்கள். எல்லாரும் கை தூக்குவார்கள். நான் கூச்சப்படுவதுபோல நடிப்பேன். அதைத் தேர்தல் என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை.

கதிரையில் ஏறியவன் சும்மா இறங்க முடியுமா? "இந்த முறை பெட்டி வைச்சு ரகசியமா நடத்துவம்!" என்று முழங்கினேன். கைதட்டலில் கண் கலங்கியது. வெற்றியில் சந்தேகமே இல்லாததால், எதிர்த்து நிற்கும்படி சுபாங்கியைக் கெஞ்சியதும் நான்தான்.

எண்ணியபோது எனக்கு விழுந்தவை இரண்டு வாக்குகள். ஒன்று என்னுடையது.

அதன்பிறகு ஒவ்வொருவராக வந்து காதுக்குள் சொன்னார்கள். பாண் சுடும் போறணையடியில் நிற்கும் ஜஸ்ரின், "அண்ணை, மற்றது என்ர வோட்" என்றான். அங்கேயே மா குழைக்கும் என் மனைவி அன்ரனெற், அது தன்னுடையதுதான் என்று புனித அந்தோனியார்மேல் ஆணையிட்டாள். அந்த ஒரு வாக்கை அரைவாசித் தொழிற்சாலை போட்டிருந்தது.

ஒருவரோடும் முகம் கொடுத்துப் பேசாமல் திரிந்தேன். ஒருநாள் சுபாங்கி வந்தாள்.

"மனேச்சரோட கதைக்கப் போறன். தனியப் போகப் பயமாக் கிடக்கு. வாங்கோவன்."

"நான் இப்ப ஆர், பிள்ளை?"

"யூனியன் ஆள்தானே."

போனேன். போறணைப் பக்கம் வெக்கை தாங்க முடியவில்லை, மின்விசிறி வேண்டும் என்றாள். மனேச்சர் காரணங்களை அடுக்கத் தொடங்கினார். இத்தனை வருடப் பழக்கத்தில் நான் தலையாட்டினேன். சுபாங்கி ஆட்டவில்லை. அவர் சொல்லி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கேட்டதையே மறுபடியும் கேட்டாள்.

கொஞ்ச நாளில் விசிறிகள் வந்தன. முதலாவதன் முன்னால் நின்று காற்று வாங்க வேலை அங்கியை விரித்தேன்.

"அண்ணை," என்றான் ஜஸ்ரின், "காத்தை மறைக்காதேங்கோ."